வானம் பார்த்த வேர்கள்

அத்தியாயம் பதினொன்று

மனித குலத்தின் வரலாறு என்பது வேறொன்றுமில்லை. களைக்கும் மனிதனுக்கும் இடையே பத்தாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் மாபெரும் யுத்தம். அந்த யுத்தம் இன்று மாலை ஒரு முடிவுக்கு வருகிறது.

இப்படி அறிவித்தவர் பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

"இன்னொரு சாக்ஸ் எங்கே?"

"யுத்தத்துல போயிருக்கும்," என்றாள் மனைவி. பால் கேன்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். எல்லோருக்கும் அவள் மூத்தவள்தான். தொழுவத்து மாடுகள் மொத்தமும் அவள் பொறுப்பு. கண்ணாடி முன்னால் நிற்பவரும் அவள் பொறுப்புதான். அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர் வைத்தது அவருடைய தம்பி. பாராட்டாக வைத்த பெயர் அல்ல. ஆனால் விஞ்ஞானி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பெயர் நிலைத்துவிட்டது.

விஷயம் சின்னது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே தீவனப்புல்லை விதைப்பது. புல் தரையை மூடிவிடும். வெயில் படாத தரையில் களை தலைதூக்காது. சோளத்தை அறுத்த பிறகு புல் நிமிர்ந்துகொள்ளும், மாட்டுக்கு ஆகும். களைக்கொத்துக்கு ஓய்வு. சொல்லப்போனால் இவ்வளவுதான். விஞ்ஞானி சொன்னால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் தண்ணீர் குடிப்பார்.

ஓரத்து வயல்களில் புல் பாய் விரித்த மாதிரி வந்திருந்தது. சிக்கல் நடுவயலில்தான். அங்கே புல் முளைக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அங்கே களையும் முளைக்கவில்லை.

புல்லும் இல்லாமல், களையும் இல்லாமல், யாரோ பெருக்கிவிட்டுப் போன கூடம் மாதிரி வெறும் மண். அதில் செருப்புத் தடம். டயர் ரப்பரில் வெட்டிய அடி, இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தது. அந்தச் செருப்பு யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் போட்டு நடந்தவர் போன வருஷம் இறந்துவிட்டார்.

மாமனாருக்குக் களையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசல் புல்தரையில் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டியில் ஒரு கோரை நிற்பதைக் காட்டி நர்ஸிடம், "அதைப் பிடுங்கும்மா" என்றார். அதுதான் அவருடைய கடைசி வார்த்தை என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் கடைசி வார்த்தை, "வேரோட."

தடத்தைப் பார்த்த மாமியார் அழவில்லை. சென்ற வாரம் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். தம்பிக்காரர் தன் பங்கைப் பிரித்துக் கேட்டு, அதில் கிடங்கு கட்டப்போவதாக வருஷம் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்ததற்கான பதில் அது.

"களைக்கொத்து படாம நடுவயல் சுத்தமா நின்னா நிலம் ஒண்ணா இருக்கட்டும். இல்லேன்னா ஆளுக்குப் பாதி. வீடும்தான். உன் அண்ணன் கூட்டம் போடறான்ல, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நானே நடந்து பாத்துச் சொல்றேன்."

விஞ்ஞானி ஊர் விவசாயிகளைக் கூட்டித் தன் புல்லைக் காட்டப்போகும் அந்தக் கூட்டம் இன்றைக்கு.

*

தீவன அறையில் பெஞ்சுக்குக் கீழே மாமனாரின் செருப்பு எப்போதும் இருக்கும். எடுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை. போட்டுக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மூத்தவள் தினமும் அதைச் சுற்றித்தான் பெருக்குவாள்.

இன்று காலை பெஞ்சுக்குக் கீழே செருப்பு இல்லை. அது இருந்த இடத்தில் தூசியில்லாத இரண்டு பாத வடிவம் மட்டும் இருந்தது.

அவள் அரிவாளையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். பேயானாலும் பிசாசானாலும் மாடுகளுக்கு வயிறு இருக்கிறதே.

ஓரத்து வயலில் புல் அறுப்பது சுகமான வேலை. சோளம் தலைக்கு மேல் நிற்கும். காலடியில் புல் ஈரமாகக் கிடக்கும். தவளை கத்தும், பூச்சி பறக்கும். அறுத்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் தெரியாது.

திடீரென்று அரிவாளுக்குப் புல் கிடைக்கவில்லை.

நிமிர்ந்தாள். கோடு கிழித்த மாதிரிப் புல் நின்றுவிட்டிருந்தது. அந்தப் பக்கம் நடுவயல்.

அங்கே தவளை இல்லை, பூச்சி இல்லை. இருபுறமும் சோளத் தட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல். காற்று அசையவில்லை. ஆனாலும் உள்ளே, கொஞ்ச தூரத்தில், சோளத் தோகை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. காய்ந்த கையால் காய்ந்த கையைத் தேய்ப்பது போன்ற சத்தம். அது நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி கேட்டது.

வரிசை வரிசையாக ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

மூத்தவள் கூடையைக் கீழே வைத்தாள். அரிவாளை வைக்கவில்லை.

இலை இடுக்கில் முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. பனை ஓலைத் தொப்பி, விளிம்பில் ஒரு பக்கம் எலி கடித்தது. மாமனாருடையது. தொப்பிக்குக் கீழே குனிந்த முதுகு. அவர் குனிகிற மாதிரியே, முழங்கால் மடங்காமல், இடுப்போடு. கை தரையில் எதையோ தேடியது, பிடித்தது, சின்ன 'படக்'கென்ற சத்தம்.

"மாமா?" என்றாள் மூத்தவள்.

தொப்பி நிமிர்ந்தது.

"மெதுவாக் கூப்பிடக் கூடாதாக்கா. உயிரே போயிடுச்சு."

ஓரகத்தி. தம்பிக்காரரின் மனைவி, வீட்டுக்குச் சின்னவள். கையில் ஒரு பிடி கோரை.

"எனக்கும்தாண்டி," என்றாள் மூத்தவள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன கோலம் இது?"

"வெயிலுக்குத் தொப்பி. மத்தியானம் எல்லாரும் படுத்ததும் வருவேன். இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம், அதான் காலைலயே வந்துட்டேன்."

"அப்போ இவ்வளவு நாளா..."

"நான்தான். புல்லு முளைக்கலைன்னு முதல்லயே பாத்துட்டேன். களை மட்டும் கிடுகிடுன்னு வருது. மாமா செருப்பு எனக்கு அளவா இருந்துது. தடத்தைப் பாத்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு போட்டுக்கிட்டேன். கேக்கவும் இல்ல."

"அத்தை களைக்கொத்து படக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"படலையே. கையாலதானே பிடுங்கறேன்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஏண்டி, பிரிச்சா பாதி நிலம் உன் வீட்டுக்காரருக்குத்தானே வரும்? நீ ஏன் இடுப்பு ஒடியணும்?" என்றாள்.

சின்னவள் கையிலிருந்த கோரையின் மண்ணை உதறினாள். உதறி முடித்தும் உதறிக்கொண்டிருந்தாள்.

"நிலம் பிரிஞ்சா வீடு பிரியும்கா. வீடு பிரிஞ்சா நான் அந்த ஆளோட தனியா இருக்கணும். காலைல எழுந்ததும் டேப்பை எடுத்து ஜன்னலை அளப்பாரு. நேத்து அளந்த அதே ஜன்னலை. இங்கே நீங்க இருக்கீங்க, அத்தை இருக்காங்க, மாடு இருக்கு. பேச ஆள் இருக்கு. அங்கே யாரு இருக்கா?"

மூத்தவள் சின்னவளின் தொப்பியில் ஒட்டியிருந்த தோகையை எடுத்துப் போட்டாள். அவளுக்கும் மாலையில் பால் கறக்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேறு ஆள் கிடையாது.

"செருப்பைக் கழட்டி எடுத்த இடத்துல வைச்சிடு."

சின்னவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். மூத்தவளும் பார்த்தாள். வெறுங்கால்.

"செருப்பு நேத்து மத்தியானமே இடத்துல இல்லையேக்கா. நீங்க எடுத்து வச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

*

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. நடுவயலுக்கு நடுவே பழைய பம்ப் அறை இருக்கிறது. கூரை போய், கதவு மட்டும் பூட்டியபடி நிற்கிறது.

"இது வரைக்கும்தான் நான் வருவேன்," என்றாள் சின்னவள். "அதுக்கு அப்பால ஒரு நாளும் போனதில்லை. தெம்பு இல்லை. அந்தப் பக்கம் களை மண்டியிருக்கும், இன்னிக்கு அத்தை அவ்வளவு தூரம் நடக்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவர்கள் பம்ப் அறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்கள்.

சுத்தமாக இருந்தது. இந்தப் பக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் பிடுங்கிய களை சின்னக் குவியலாக இருந்தது. தலை கீழே, வேர் மேலே. வேர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு கல்.

"நீயா?"

"நான் கூடையில போட்டுக் கன்னுக்குட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுடுவேன். இது என்ன, வேரைத் தூக்கி வச்சு, கல்லை வச்சு?"

இது என்ன என்று மூத்தவளுக்குத் தெரியும். சின்னவள் கல்யாணமாகி வந்தபோது மாமனார் ஏற்கெனவே படுக்கையில் விழுந்துவிட்டார். அவர் வயலில் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. வேர் மண்ணைத் தொட்டால் மழைக்கு மறுபடி பிழைத்துக்கொள்ளும், காற்றில் புரண்டாலும் தொட்டுவிடும் என்று அவர்தான் கல் வைப்பார். வேறு யாரும் அந்த வேலைக்கு மெனக்கெட மாட்டார்கள்.

மூத்தவள் ஒரு குவியலைத் தொட்டாள். இலை வாடவில்லை. வேரில் மண் ஈரமாக இருந்தது. இன்று பிடுங்கியது.

குவியலைச் சுற்றித் தடங்கள். விஞ்ஞானியின் ஷூத் தடம் இருந்தது. அவர் விடியும்போதே 'ஆய்வு' என்று கிளம்பி வயலெல்லாம் உலாத்துகிறவர், அந்தத் தடம் இல்லாத இடமே கிடையாது, அதை யார் பார்க்கப்போகிறார்கள். அதன் மேலேயே ஏறி நடந்திருந்தது டயர் செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது.

அப்போது சோளத்துக்குள்ளிருந்து இருமல் வந்தது.

சின்னதாக இரண்டு. பிறகு தொண்டையைச் செருமிப் பெரிதாக ஒரு கனைப்பு. மாமனார் வயலிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன் போடுகிற கனைப்பு. அதைக் கேட்டுத்தான் இருபது வருஷமாக மூத்தவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

இருவரும் ஓடவில்லை. ஓடினால் பயந்த மாதிரி ஆகிவிடும். மரியாதையாகத்தான் நடந்தார்கள், ஆனால் கூடையையும் தொப்பியையும் வயலிலேயே விட்டுவிட்டார்கள் என்பது தொழுவம் வந்த பிறகுதான் தெரிந்தது.

*

கூட்டத்துக்கு ஆள் வந்தார்கள். தார்ப்பாய்ப் பந்தல், நாற்காலி, ஒரு மைக். வேளாண் அதிகாரி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து, உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அக்கம்பக்கத்து விவசாயிகள் டீ வருகிற திசையை நோக்கி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

விஞ்ஞானி கோட்டுப் போட்டிருந்தார். மைக்கைக் கையால் பிடிக்காமல், எதிரே நிற்க வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். தலைவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார் போலும்.

"மனித குலத்தின் வரலாறு என்பது..."

பத்தாயிரம் ஆண்டுகளைக் கடந்து அவர் தீவனப்புல்லுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாவது டீ முடிந்திருந்தது.

"சோளம் நாலைந்து இலை விட்ட பிறகே புல்லை விதைக்க வேண்டும். முந்தினால் புல் சோளத்தை முந்திவிடும். மேலுரத்தோடு புல் விதையைக் கலந்து வரிசைகளுக்கு நடுவே போடலாம். ஆனால், தோழர்களே, கலந்தால் அன்றே விதைத்துவிட வேண்டும். உரம் விதையைச் சுட்டுவிடும். நாள் கடத்தினால் நீங்கள் விதைப்பது விதையல்ல, விதையின் பிணம்."

'பிணம்' என்ற சொல்லுக்கு அதிகாரி கண்ணைத் திறந்தார்.

தம்பிக்காரர் எழுந்தார். சட்டைப்பையில் அளவு டேப் புடைத்துக்கொண்டிருந்தது. "அண்ணா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நடுவயல்ல புல்லே இல்லை. ஆனா களையும் இல்லை. இல்லாத புல்லு எப்படிக் களையைத் தடுக்குது?"

பந்தலே விஞ்ஞானியைப் பார்த்தது. மூத்தவள் டீத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல கேள்வி," என்றார் விஞ்ஞானி. "புல்லின் செல்வாக்கு அது நிற்கிற இடத்தோடு முடிவதில்லை. நாலு பக்கமும் ஒழுக்கமான அண்டை வீட்டார் இருந்தால் நடுவீடும் ஒழுங்காக இருக்கும் அல்லவா? இதற்கு நான் 'அண்டைப் பயன்' என்று பெயரிட்டிருக்கிறேன்."

அதிகாரி தலையாட்டினார். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

அந்தக் கைதட்டல் அடங்கும்போதுதான் வயலுக்குள்ளிருந்து அது வந்தது. சின்னதாக இரண்டு இருமல். பிறகு கனைப்பு.

கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. வயலில் ஆள் இருப்பது என்ன அதிசயம்? ஆனால் மூத்தவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். மைக் முன்னால் கணவர், வாயைத் திறந்தபடி. நின்ற இடத்தில் மைத்துனர். பக்கத்தில் சின்னவள். முன்வரிசையில் மாமியார். வீட்டில் உள்ள எல்லோரும் இங்கே இருந்தார்கள்.

மாமியார் எழுந்தாள்.

"நான் துணைக்கு வரேன் அத்தை," என்றாள் மூத்தவள்.

"எதுக்கு? எனக்குத் தெரியாத ஆளா?"

அவள் சோளத்துக்குள் போனாள். தட்டைகள் விலகின, பின்னால் மூடிக்கொண்டன. விஞ்ஞானி பேச்சைத் தொடர முயன்றார். எந்த நூற்றாண்டில் விட்டோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. தம்பிக்காரர் டேப்பை வெளியே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். காற்று இல்லை. ஆனாலும் பம்ப் அறைப் பக்கம் சோளப் பூக்கள் ஒரு கோடாக அசைந்தன. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு அசைந்ததாக மூத்தவளுக்குத் தோன்றியது. சின்னவளைப் பார்த்தாள். அவளுக்கும் தோன்றியிருக்கிறது.

மாமியார் திரும்பி வந்தபோது தலையில் சோளப்பூ உதிர்ந்திருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பம்ப் அறைக்கு அந்தண்டையும் பாத்தேன். ஒரு களை இல்லை. நிலம் ஒண்ணா இருக்கட்டும்."

"அம்மா, அங்கே புல்லே இல்லையேம்மா," என்றார் தம்பிக்காரர்.

"புல்லு இல்லடா. ஆளு இருக்கு."

டேப் அவர் கையிலிருந்து நழுவி, 'சரக்'கென்று சுருண்டு உள்ளே போய்விட்டது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சின்னவள் தட்டோடு பந்தலுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

*

பொழுது சாயும் நேரம் மூத்தவள் தீவன அறைக்குப் போனாள். நிலம் பிழைத்தது, வீடு பிழைத்தது. பால் கறக்கும்போது எதிரே சின்னவள் இருப்பாள். மனசு லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெஞ்சுக்குக் கீழே செருப்பு இருந்தது.

ஜோடியாக, முனை வெளியே பார்த்தபடி, எப்போதும் இருக்கிற இடத்தில். அடியில் மண் அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

பின்னால் நிழல் விழுந்தது.

"மாட்டு மடிக்குத் தடவுவியே, அந்தக் களிம்பு இருக்கா?"

விஞ்ஞானி. இன்னும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

காட்டினார். இரண்டு உள்ளங்கையும் புண். விரல் இடுக்கில் கோரை அறுத்த கோடுகள். பேனாவைவிடக் கனமான எதையும் பத்து வருஷமாகத் தூக்காத கை.

மூத்தவள் களிம்பு டப்பாவைத் திறந்தாள். "பம்ப் அறைக்கு அந்தண்டை எடுத்தது நீங்களா?"

"விடியக்காலைல போவேன். ஆய்வுன்னு சொல்லிட்டு." கொஞ்சம் கனைத்துக்கொண்டார். சாதாரணக் கனைப்புதான், அப்பாவுடையது அல்ல. "வீடு பிரிஞ்சா அம்மா அவன்கிட்டயா நம்மகிட்டயான்னு ஒரு பேச்சு வரும். அது வரக் கூடாதுன்னுதான்."

"வேரை மேல வச்சுக் கல்லு வச்சது?"

"சின்ன வயசுல அப்பா தலைல குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தது. கை தானாப் போகுது."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. களிம்பைத் தடவிக்கொண்டே, "சரி. அதுக்கு அப்பா செருப்பை எதுக்குப் போட்டுக்கிட்டீங்க?" என்றாள்.

"எந்தச் செருப்பு? நான் ஷூல போனேன். அது என் காலுக்கு நுழையவே நுழையாதே."

அவர் பெஞ்சுக்குக் கீழே பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். தடவிய கை நின்றது. வெளியே ஒரு மாடு கயிற்றை இழுத்து, வயல் பக்கமாகவே காதைத் திருப்பி நின்றிருந்தது.

கேட்பதற்குப் பயந்து வேறொன்றைக் கேட்டாள். "நடுவயல்ல மட்டும் விதை ஏன் முளைக்கல?"

விஞ்ஞானி களிம்பு டப்பாவின் மூடியில் எழுதியிருந்ததைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சொன்னார்.

மேலுரம் போட்ட அன்று விதையை உரத்தோடு கலந்தார்கள். ஓரத்து வயல்களுக்கு அன்றே போட்டாயிற்று. நடுவயலுக்கான கலவை, இருட்டிவிட்டதால், விதைப்பெட்டியிலேயே கிடந்தது. மறுநாள் விஞ்ஞானி சொற்பொழிவுப் பயணம் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து அதை விதைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு வாரமும் ஊர் ஊராக அவர் பேசிய தலைப்பு: 'கலந்த விதையை அன்றே விதைப்பீர்.'